இன்னும் நாலு போடு

எங்கள் அப்பத்தா தன் ஆயுளில் அதிகமாக வைத ஆள் யார் என்று கேட்டால், பங்காளி வீட்டில் யாரையாவது சொல்வேன் என்று நினைப்பீர்கள். பங்காளிகளுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் எம்.என். நம்பியாருக்கு.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது எண்பதுகளின் நடுவில். எட்டுப் பங்கு வீடு. பெட்டியை யார் பக்கத்துத் தாழ்வாரத்தில் வைப்பது என்பதற்கே ஒரு வாரம் பேச்சு நடந்தது. கரண்டு பில்லை யார் கட்டுவது என்று ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கேட்டதும் மற்ற ஏழு பங்கும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட, எங்கள் அறை வாசலில், முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவைப் பார்க்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். ஆறு மணிக்கே வளவு நிறைந்துவிடும். எதிர்வீட்டு ஆச்சிமார் தாழ்வாரத்தில், பிள்ளைகள் முற்றத்தில், வேலைக்கு வருகிற பெண்கள் இரண்டாங்கட்டு வாசலில். அப்பத்தா மட்டும் தேக்குத் தூணில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் வெற்றிலைப் பெட்டியோடு.

நம்பியார் முகம் வந்ததும் பாக்குவெட்டி நிற்கும். "வந்துட்டான் பாரு, கட்டையில போறவன்."

‘எங்க வீட்டுப் பிள்ளை’ போட்ட அன்றைக்கு நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. 1965 பொங்கலுக்கு வந்த படம். அப்பத்தா கொட்டகையில் நாலைந்து தடவை பார்த்ததுதான். ஆனாலும் எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்து கஜேந்திரனாக வரும் நம்பியாரை மாடிப்படியில் விரட்டி விரட்டி அடிக்கிற இடத்தில் அவளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. வெற்றிலை எச்சிலை விழுங்கிவிட்டு, "போடு! இன்னும் நாலு போடு ராசா!" என்று கத்தினாள். வளவே சிரித்தது. சிரிக்காதவர் ஐயா ஒருவர்தான். சாய்வு நாற்காலியில் இருந்தபடி, விசிறியை நிறுத்தாமல் சொன்னார்: "அவன் வேலைக்கு வந்திருக்கான். வந்த வேலையப் பாக்குறான். அவனை எதுக்கு வையிற?"

"ஆமா, ஒங்க பங்காளி பாருங்க. சொல்லிட்டாக."

எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். ஐயா ஏன் ஒரு சினிமா வில்லனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று புரியவில்லை. புரிய ரொம்ப காலம் ஆனது.

நம்பியாரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சேரி நாராயணன் நம்பியார், 1919-ல் மலபாரில் கண்ணூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட, ஊட்டியில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தார். பதிமூன்று வயதுவாக்கில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனியின் முழுப்பெயர் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி என்றால் பள்ளிக்கூடம், விடுதி, மடம் மூன்றையும் சேர்த்துக் கட்டிய மாதிரி. விடியலில் எழுப்பிப் பாட வைப்பார்கள். கம்பெனி எந்த ஊரில் முகாமோ அங்கேதான் சாப்பாடும் படுக்கையும். சின்னப் பையனுக்குச் சின்ன வேஷம். குரல் உடையாதவரை பெண் வேஷம். பெரிய நடிகன் ஊருக்குப் போனால், அந்த வேஷத்தின் வசனம் மனப்பாடமாக இருக்கிற பையனுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம். நம்பியாருக்குச் சம்பளம் மாதம் 3 ரூபாய் என்று சொல்வார்கள். ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு இரண்டு ரூபாயை அம்மாவுக்கு அனுப்பிவிடுவாராம். 1935-ல் அந்தக் கம்பெனியாரே நடித்து வந்த ‘பக்த ராமதாஸ்’ தான் அவருக்கு முதல் படம். அதிலும் பெண் வேஷங்களை ஆண்களே போட்டார்கள்.

மலையாளத்துப் பையன் பேசிய தமிழைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு ‘ழ’ சறுக்காது. கம்பெனித் தமிழ் அது. வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து நாக்கில் ஏறிய தமிழ், எழுபது வருஷம் இறங்கவில்லை.

இப்போது எங்கள் ஐயாவுக்கு வருகிறேன். அவர் கப்பலேறும்போதும் வயது பதிமூன்றுதான். போன இடம் பர்மா. ரங்கூன் மொகல் தெருவில், எங்கள் ஆட்கள் தங்கித் தொழில் செய்கிற கிட்டங்கி. அங்கிருந்து பெகு பக்கம் ஒரு கடை. கடை என்றால் மளிகைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கடை என்றால் வட்டிக்கடை. சேரும்போது பெட்டியடிப் பையன். பணப்பெட்டியின் அடியில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். விடிய எழுந்து கடையைக் கூட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரேடு எழுத வேண்டும், ராத்திரி வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். அப்புறம் அடுத்தாள். அப்புறம் மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அந்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சம்பளச்சிட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நடுவில் ஆத்தாளை நினைத்து அழுதாலும் கப்பல் கிடையாது.

நாடகக் கம்பெனிப் பையனையும் பெட்டியடிப் பையனையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட்டால் ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சாப்பாட்டுப் பந்தியில் கடைசி இடம், மேலே இருப்பவனுக்குக் கால் பிடிப்பது, ஊருக்குப் போகும் மணியார்டர் என்று இரண்டு பேருக்கும் ஒரே கதை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஐயா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பர்மாக்காரர்களுக்கு வில்லன் எங்கள் ஆட்கள், நகரத்தார் செட்டியார்கள்தான். 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். இடையில் உலகம் பூராவும் விலைவாசி சரிந்து, நெல் விலை பாதாளத்துக்குப் போனது. வாங்கின கடனைக் கட்ட வழியில்லை. அடமானம் வைத்த நிலம் பெட்டிக்கு வந்துவிட்டது. நிலத்தை வைத்துக்கொண்டு உழத் தெரியாத செட்டியார் என்ன செய்வார்? அவருக்கும் வேண்டியது பணம்தான். ஆனால் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரத்தில் தொந்தியும் விபூதியுமாக நிலத்தை விழுங்குகிறவராக அவர்தான் இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் கணக்கு, பேரேடு, நிலம் எல்லாம் அங்கேயே கிடக்க, ஐயா அரக்கான் வழியாக நடந்து வந்தார். ஊர் வந்து சேர்ந்தபோது காலில் நகம் இல்லை என்று அப்பத்தா சொல்வாள்.

அதனால்தான் ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தபோது அவர் அப்படிச் சிரித்தாரோ என்னவோ. 1955-ல் வந்த படம். அதில் நம்பியாருக்குக் கத்தியும் இல்லை, சவுக்கும் இல்லை. டேவிட் என்று பெயர். சாவித்திரியின் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவர். கடனைச் சாக்கு வைத்துக் கல்யாணம் பேசுகிறவர். டேவிட் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் வளவில் "ச்சீ" என்று ஒரு சத்தம் எழும். ஐயா விசிறியால் தொடையைத் தட்டிக்கொண்டு, "கடன் குடுத்தவன் வந்து கேக்காம, கும்பாபிசேகப் பத்திரிகையா கொண்டு வருவான்?" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஐயா சொன்னது முழுசும் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவன் வீட்டிலும் ஓர் அப்பத்தா இருந்திருப்பாள். அவளும் தூணில் சாய்ந்து உட்கார்ந்து யாரையோ வைதிருப்பாள்.

நம்பியார் மட்டும் வில்லனாக இருந்த காலம் இல்லை அது. பி.எஸ். வீரப்பா சிரித்தே கொன்றுவிடுவார். கொட்டகைத் தகரம் அதிரும். ஆர்.எஸ். மனோகர் நிமிர்ந்து நின்றால் கதாநாயகனே கொஞ்சம் குள்ளமாகத் தெரிவார். அசோகன் வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசி எரிச்சலூட்டுவார். டி.எஸ். பாலையாவை வில்லன் என்ற பெட்டிக்குள் அடைக்கவே முடியாது. நம்பியாரிடம் இவை எதுவும் பெரிதாக இல்லை. அவரிடம் இருந்தவை ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்குவது, உதட்டை ஒரு பக்கம் இழுப்பது, அப்புறம் அந்தக் கை. உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்து மெதுவாகப் பிசைவார். மிமிக்ரி செய்கிறவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வேகமாகப் பிசைந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். அவர் பிசைவது மெதுவாக இருக்கும். எதிரே நிற்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற கை அது. ஐயா ஒருநாள் எனக்குச் செய்து காட்டினார். இரண்டு கையையும் சேர்த்துப் பிசைந்துவிட்டு, "இது என்ன கை தெரியுமா? சில்லறையை எண்ணி முடிச்சவன் கை" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரி தெரியவே இல்லை.

1950 அவருக்குப் பெரிய வருஷம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் அவர்தான் நாயகன். துப்பறிகிற கதை. பதினோரு வேஷம். அதே வருஷம் அதே கம்பெனியின் ‘மந்திரி குமாரி’யில் ராஜகுரு. கலைஞர் வசனம். காவியைக் கட்டிக்கொண்டு கழுத்தை அறுக்கிற அந்தக் குருவை ஊர் மறக்கவே இல்லை. பதினோரு வேஷத்தை மறந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் சினிமாவில் ஊர் எதைக் கேட்கிறதோ அதைத்தான் மறுபடி கொடுப்பார்கள். அடுத்த வருஷம் ‘சர்வாதிகாரி’. எம்.ஜி.ஆரோடு கத்திச் சண்டை. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சண்டை ஓயவில்லை. ராஜா ராணிப் படமா, கொடுங்கோலன் அவர். கடல் கொள்ளைக்காரர் கதையா, ‘ஆயிரத்தில் ஒருவ’னில் அடிமைகளை விற்கும் தேசத்தின் சர்வாதிகாரி அவர். சிவாஜி இரட்டை வேஷமா, ‘உத்தம புத்திர’னில் அரண்மனையைக் கெடுக்கும் மாமா அவர். ‘தில்லானா மோகனாம்பா’ளில் கூட மதன்பூர் மகாராஜா.

நடுவில் ஒரு விசித்திரமும் உண்டு. 1952-ல் அமெரிக்காக்காரர்களோடு சேர்ந்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு படம் எடுத்தது. தமிழில் ‘காடு’ என்று வந்தது. யானைகள் வெறி பிடித்து ஊருக்குள் ஓடி வருவது ஏன் என்று கண்டுபிடிக்கக் காட்டுக்குள் போகிறார்கள். போனால் ரோமம் போர்த்த பழங்கால மாமத் யானைகள் நிற்கின்றன! ஹாலிவுட் ஆட்களோடு நம்பியாரும் அதில் உண்டு. இன்றைக்கு இதைச் சொன்னால் என் பையன் நம்ப மறுக்கிறான்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த நம்பியார் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ நம்பியார். 1963, ஸ்ரீதர் படம். மறுபிறவிக் கதை. வின்சென்ட் ஒளிப்பதிவு. எங்கள் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசனின் பாட்டு. மகனின் காதலைப் பொறுக்காமல் துப்பாக்கி தூக்குகிற ஜமீன்தார் நம்பியார். காதலர்கள் மறுபிறவி எடுத்து வருகிறார்கள். வந்தால், ஜமீன்தார் இன்னும் சாகவில்லை. 109 வயது. உடம்பு வற்றி, தலை நடுங்கி, ஆனால் கோபம் மட்டும் வற்றாமல் இருக்கிறார். மறுபடி துப்பாக்கி. கடைசியில் புதைசேற்றில் இறங்கிப் போகிறார். அப்போது நம்பியாருக்கு வயது 44. அந்தக் கிழவனின் முதுகு வளைவையும் மூச்சையும் பார்த்துவிட்டு வயதைக் கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். பேய்ப் படத்தில் பேய் பயமுறுத்தும். இதில் சாகாமல் இருக்கிற மனிதர் பயமுறுத்தினார்.

இதை நான் முதலில் பார்த்ததும் எங்கள் வீட்டில்தான். படம் முடிந்து எல்லாரும் போன பிறகு, வளவில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டாங்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். எங்கள் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற அறைகள். சுவரில் இறந்துபோன பெரியவர்களின் படம் வரிசையாக. பட்டாலையைத் தாண்டும்போது ஐயாவின் ஐயா படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்காமலே திரும்பி ஓடி வந்து அப்பத்தா பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

"என்னடா?"

"நம்பியார்."

"நாசமாப் போறவன், புள்ளையப் பயமுறுத்திட்டான்" என்று இருட்டில் ஒரு தடவை வைதுவிட்டுப் போர்வையை என் பக்கம் தள்ளினாள்.

ஜமீன் வீடு என்றால் சினிமாக்காரர்களுக்கு இன்றைக்கும் எங்கள் ஊர்கள்தான் ஞாபகம் வரும். நியாயம்தான். சினிமா எங்கள் ஊரில் குடியிருந்த காலமும் உண்டே. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் யுத்த நெருக்கடியில் ஸ்டூடியோவைக் காரைக்குடிக்கே கொண்டு வந்துவிட்டார். தேவகோட்டை ரஸ்தாவில்தான் ‘நாம் இருவர்’ எடுத்தார்கள். 1947-ல் வந்தது. அடுத்த வருஷம் ‘வேதாள உலகம்’. அப்புறம்தான் கோடம்பாக்கம் போனார்கள். வண்டி கட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோவை வெளியே நின்று பார்த்ததாக அப்பத்தா சொல்வாள். என்ன பார்த்தாய் என்றால், "வேலியப் பாத்தேன்" என்பாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு படப்பிடிப்பு நடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. ஐயா காலமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. படத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். பேசிய வாடகையில் பாதிதான் வந்தது. முகப்புத் தரையில் பழைய ஆத்தங்குடிக் கல் நாலு உடைந்தது. அதே பூவோடு புதுக்கல் வார்க்கச் சொன்னோம். பூ அமைந்தது, நிறம் அமையவில்லை. இப்போதும் அந்த நாலு கல் மட்டும் நேற்றுக் கல்யாணமான மாதிரி பளபளவென்று தனியாகத் தெரியும். அப்பச்சி, அதாவது என் அப்பா, அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு மறைத்துவிட்டார்.

ஆனால் அந்தப் பத்து நாளில் ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. வில்லனுக்கு மாமனாராகவோ சித்தப்பாவாகவோ வந்த நடிகர். ஐம்பது வயது தாண்டியவர். முகத்தைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். பெயர் ஞாபகம் வராது. குணச்சித்திர நடிகர் என்று இந்த ரக மனிதர்களுக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறோம். போஸ்டரில் முகம் வராதவர் என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம். காலை ஆறு மணிக்கு மேக்கப் போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஒட்டு மீசை. மே மாத வெயிலில் பசை இளகி, மீசையின் இடது நுனி கிளம்பிக்கொண்டே இருந்தது. ஆட்காட்டி விரலால் அதை அழுத்திப் பிடித்தபடியே பேப்பர் படித்தார். ஒரு மணிக்கும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கும் கூப்பிடவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு செம்பு நீர்மோரோடு போனாள். நானும் பின்னால் போனேன்.

"நீங்க நல்லவரா கெட்டவரா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். மீசை நுனி கிளம்பியது. "கெட்டவன்தான் ஆச்சி. இந்தப் படத்துல ஒரு புள்ளையக் கிணத்துல தள்ளிவிடுறேன்."

"ஒங்க ஆத்தா பாத்தாச் சங்கடப்பட மாட்டாகளா?"

"அம்மா படம் பாக்காது ஆச்சி. மணியார்டர் மட்டும் பாக்கும்."

அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. அவர் மோரைத் தூக்கிக் குடித்தார். மீசையில் படாமல் குடிக்க ஒரு தனிப் பழக்கம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள், சமையலறையில், "ஒங்கய்யா பர்மாவுலேருந்து அனுப்புன மணியார்டருக்கு எங்க மாமியா கைநாட்டு வப்பாக. ரூவாயை எண்ண மாட்டாக. அந்தத் தாளத்தான் தடவித் தடவிப் பாப்பாக" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவருக்கு மறுபடி மோர் போனது. இந்தத் தடவை ஒரு சீப்பு வாழைப்பழமும்.

நம்பியாருக்கு மோர் கொடுக்கும் வாய்ப்பு எந்த அப்பத்தாவுக்கும் எளிதில் கிடைத்திருக்காது. வெளியூர்ப் படப்பிடிப்பு என்றாலும் மனைவி ருக்மிணி கூடவே போய்ச் சமைத்துக் கொடுப்பார் என்பது சினிமா உலகில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சைவச் சாப்பாடு. குடி கிடையாது, புகை கிடையாது. திரையில் கோப்பையோடு சோபாவில் சரிந்து கிடந்த மனிதர், அந்தக் கோப்பையில் இருந்ததை வாழ்நாளில் தொட்டதில்லை. இந்த முரணைப் பத்திரிகைகள் சலிக்கச் சலிக்க எழுதியிருக்கின்றன. எனக்கு அதில் பெரிய முரண் எதுவும் தெரியவில்லை. பெட்டியை மூடிவிட்டால் கடைக்கணக்கு வீட்டுக்கு வரக்கூடாது என்று ஐயா சொல்வார். அதுதான் இது.

1982-ல் ‘தூறல் நின்னு போச்சு’ வந்தது. பாக்யராஜ் அவரைச் சண்டை சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக, நல்லவராக, சிரிக்க வைக்கிறவராக மாற்றிப் போட்டிருந்தார். எனக்குப் பத்து வயது. காரைக்குடிக்கு அழைத்துப் போனார்கள். அப்பத்தா இடைவேளை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கு வாங்கிக்கொடுத்தபோது என் காதில், "பாத்துக்கிட்டே இரு, கடைசியில கழுத்தறுப்பான்" என்றாள். கடைசிவரை அவர் அறுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஏமாற்றம். ஏதோ கொடுத்த காசுக்குச் சாமான் குறைந்த மாதிரி. அதன் பிறகு நம்பியார் தாத்தா வேஷங்களில் நிறைய வந்தார். ‘பூவே உனக்காக’ பார்த்த தலைமுறைக்கு அவர் பழைய வில்லன் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பத்தா அந்தப் படங்களை எல்லாம் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

கடைசியாகச் சபரிமலை. ஐயப்ப பக்தி அவருக்கு வந்ததும் நாடகக் கம்பெனி வழியாகத்தான். நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் கதையை நாடகமாகப் போட்டு ஊர் ஊராகக் கொண்டு போனவர். நம்பியார் அறுபது தடவைக்கும் மேல் மலைக்குப் போனார். மகா குருசாமி என்று பெயர். அவர் கையால் மாலை போட்டுக்கொண்ட நடிகர்கள் ஒரு படை.

எங்கள் பக்கம் தைமாதம் பழநிக்கு நடப்பதுதான் வழக்கம். குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பும் நகரத்தார் கூட்டம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அப்பச்சி எழுபதுகளில் ஐயப்பனுக்கும் மாலை போட ஆரம்பித்தபோது ஐயா, "பழநிக்கு நடந்து கால் வலி பத்தலையாக்கும்" என்றார். மலைக்குப் போய்த் திரும்பிய எங்கள் ஊர் சாமிமாரில் பத்துப் பேராவது பம்பையில் நம்பியாரைப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஒருவர் பார்த்தது நெற்றியில் சந்தனத்தோடு, இன்னொருவர் பார்த்தது விபூதியோடு. ஒருவரிடம் பேசினாராம், ஒருவரைத் தட்டிக்கொடுத்தாராம். அப்பச்சி மட்டும், "பாத்தேன். கூட்டத்துல முதுகைத்தான் பாத்தேன்" என்பார். அதனால் அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அப்பத்தா இதையெல்லாம் காதில் வாங்கமாட்டாள். "அவனாவது, மலைக்காவது."

2008 நவம்பர் 19-ஆம் தேதி நம்பியார் சென்னையில் காலமானார். வயது 89. கார்த்திகை பிறந்த அதே வாரம். நான் அப்போது ஊரில் இருந்தேன். அப்பச்சி கழுத்தில் மாலை. அப்பத்தாவுக்கு எண்பத்தாறு. காது மந்தம், கண் மட்டும் கூர்மை. செய்தியை நான்தான் சத்தமாகச் சொன்னேன். "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தாள்.

அந்த வாரம் டிவியில் அவர் படங்களாகப் போட்டார்கள். வளவில் இப்போது கூட்டம் கிடையாது. எட்டுப் பங்கில் ஆறு பங்கு பூட்டிக் கிடக்கிறது. நானும் அப்பத்தாவும்தான். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஓடியது. அதே மாடிப்படி. எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்தார். நான் அப்பத்தாவைப் பார்த்தேன். அந்த "இன்னும் நாலு போடு"க்காகக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதற்கு எம்.ஜி.ஆர். கை ஓங்கியபோது என் முழங்காலைத் தட்டினாள்.

"போதும். நிப்பாட்டுடா."

"ஏன் அப்பத்தா?"

"மாலை போடுற மாசத்துல, செத்துப்போன மனுசரப் போட்டு அடிக்கிறாக."

நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது.